என் முட்டிக்கு ஒன்றும் இல்லை

27 நவம்பர் 1961, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி ஒன்றும் காயவில்லை. கொல்லையில் முருங்கைக் கிளை முறிந்து கிடக்கிறது.

இன்றைய வேலை: கண்ணாடிக்குக் காதுக் கம்பி. நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும் (நாலு நாள் தாமதம்). உளுந்து புடைக்க.

ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு மணிக்குத் தபால். தம்பி கடிதம், ஸ்ரீநகரிலிருந்து. அவன் ராணுவத்தில் டாக்டர், அந்தக் கையெழுத்தை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். படித்தேன்.

"அக்கா, முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறக்கூட முடியவில்லை, பிரயாணமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று சுந்தரம் எழுதியிருந்தான். வருத்தமாக இருக்கிறது. குலாம் உன் பனிச்சறுக்குப் பலகைகளை மெழுகு தடவி எடுத்து வைத்திருக்கிறார். வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்கிறார்."

மூன்று தரம் படித்தேன். எந்த முட்டி? எந்த டாக்டர்? இந்த வீட்டில் மாடியே கிடையாது.

சுந்தரம் நான் பெற்ற மகன். கலெக்டர் ஆபீசில் வேலை. சாயங்காலம் வந்து நாலு இட்லி தின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இட்லிச் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன்.

28 நவம்பர், செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

காலையில் கேட்டேன். சு. முகம் வெளுத்தது. மருமகள் வள்ளி அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

"ஒங்க நல்லதுக்குத்தான் எழுதுனேன் ஆத்தா."

"எனக்கு எப்படா முட்டி வலிச்சுச்சு?"

"இனிமே வலிக்கும்ல. அம்பத்தேழு வயசுல பேண்ட்டு போட்டுக்கிட்டு மலையில சறுக்குறேன்னா ஆபீசுல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரு யாரு? பேரைச் சொல்லு."

 செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

நேரே தந்தி ஆபீஸ். குமாஸ்தா என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். படித்துப் பார்த்துவிட்டு, "மொழங்காலுக்கா தந்தி, டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். முட்டி நலம், பலகையைக் கொடுக்காதே, வருகிறேன். அவ்வளவுதான் வாசகம்.

வருகிறேன் என்று அடித்துவிட்டேன். எப்படிப் போவது?

2 டிசம்பர், சனி

காதுக் கம்பி ஆயிற்று. உளுந்து ஆயிற்று.

ஆகஸ்டில் தம்பி அனுப்பிய என் புகைப்படம், சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன் என்று சு. இத்தனை மாதம் சொல்லிக்கொண்டிருந்தானே, இன்று வந்தது. கூடத்தில் மாட்டியும் விட்டான். அவன் அப்பா படத்துக்குப் பக்கத்தில்.

என் முகம் மட்டும் இருக்கிறது. கழுத்துக்குக் கீழே ஒரு சாண். அதோடு சரி. மீதியைக் கத்தரித்துவிட்டான். தம்பியின் கம்பளிப் பேண்ட், பூட்ஸ், பலகை, குலாம் கட்டிக் கொடுத்த தோல் வார், பனி, எல்லாம் போயிற்று. செத்துப்போனவள் படம் மாதிரி இருக்கிறது. மாலை ஒன்றுதான் பாக்கி.

"மீதி எங்கடா?"

"குப்பையில போயிருக்கும்."

சாப்பிடவில்லை. வள்ளி தட்டைக் கொண்டுவந்து வைத்து, ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். அவள் மேலும் கோபம். வாய் இருக்கிறதல்லவா அவளுக்கு?

4 டிசம்பர், திங்கள்

மப்பு மந்தாரம். தலைவலி.

யாருக்கும் சொல்லாததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன ஜனவரியில் தம்பி மனைவிக்குப் பிரசவம் பார்க்கத்தான் போனேன். பத்தியச் சமையல், பிள்ளைக்கு எண்ணெய், வேதுத் தண்ணீர். பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனதும் எல்லோரையும் மட்டக்குதிரையில் ஏற்றிக் குல்மர்க் அழைத்துப் போனான். பன்னிரண்டு நாள்.

மற்றவர்கள் பனியில் சறுக்குவதைச் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குலாம் வந்தார். வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து அங்கே சறுக்கக் கற்றுக்கொடுப்பவர், என் வயதுதான் இருக்கும். "மாஜி" என்று கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவர் பேச்சு தெரியாது. சின்ன அதிகாரிகள் எல்லாம் குதிகாலை இறுக்கிக் கட்டும் புதுப் பலகையில் போனார்கள். இவருடையது பழசு. முன்னங்கால் மட்டும் கட்டு, குதிகால் சும்மா தூக்கும். திரும்பும்போது ஒரு காலை முன்னே விட்டு, மற்றதை மடக்கி, முட்டி பலகையைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து எழ வேண்டும். டெலிமார்க் என்று பெயராம்.

மற்றவர்களுக்கு அந்த உட்காருதல் வரவில்லை. எனக்கு மூன்றாம் நாளே வந்தது. நாற்பது வருஷம் ஒரு காலை மடக்கி அம்மி அரைத்தவள்.

விழுந்தேன். நிறைய. எட்டாம் நாள் விழாமல் மேலிருந்து கீழ்வரை வந்தேன். இடம், வலம், இடம், வலம். காதில் காற்று மட்டும். யாருக்கும் அம்மா இல்லை, யாருக்கும் டீச்சர் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். சுந்தரத்தின் அப்பா போன பிறகு அப்படிச் சிரித்தது அன்றுதான்.

இதைத்தான் கத்தரித்துக் குப்பையில் போட்டிருக்கிறான்.

7 டிசம்பர், வியாழன்

நல்ல வெயில். முதல் பஸ்ஸில் நார்த்தாமலை. கோயிலுக்குத் தேங்காய் பழம் வாங்கவில்லை, அதற்காகப் போகவில்லை. மேலமலைப் பாறைச் சரிவில் ஏறி, குல்மர்க்கில் செய்த மாதிரி முட்டி மடக்கி மடக்கி இறங்கினேன். மூன்று தரம். முட்டிக்கு ஒன்றும் இல்லை. பாறை ஈரம், ஒரு இடத்தில் வழுக்கியது, சமாளித்தேன்.

கீழே புல்லறுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள்.

"என்னடி அந்தம்மா மண்டி போட்டு மண்டி போட்டு எறங்குது?"

"வேண்டுதலா இருக்கும். மகனுக்குப் பிள்ளை இல்லையோ என்னமோ."

கையெடுத்துக் கும்பிட்டார்கள், என்னை. வேண்டுதல் இல்லை, பழக்கம் என்றேன். இன்னும் பயபக்தியாகக் கும்பிட்டார்கள்.

9 டிசம்பர், சனி

நார்த்தாமலைச் செய்தி எனக்கு முன்னால் ஊர் வந்துவிட்டது. சு. ஆபீசில் யாரோ, "ஒங்க ஆத்தா பெரிய பக்திமான்ங்க" என்றார்களாம். பயலுக்குச் சந்தோஷம். பேண்ட் போட்டால் மானம் போகிறது, மண்டி போட்டால் மானம் வருகிறது. வேண்டுதல் இல்லை என்று உன் ஆபீசுக்கே வந்து சொல்கிறேன் என்றேன். சிரிப்பு நின்றது.

தம்பி கடிதமும் இன்றுதான். சந்தோஷத்தில் குதித்திருக்கிறான். அவன் சிநேகிதர் குடும்பம் 20ஆம் தேதி மதராஸிலிருந்து டெல்லி போகிறது, என்னையும் கூட்டிப் போவார்கள். பிப்ரவரியில் தம்பிக்கு மாற்றல். இந்தக் குளிர்காலத்தை விட்டால் அப்புறம் இல்லை.

சு. பஞ்சாங்கத்தை எடுத்துவந்தான். "பதினாறாந்தேதி மார்கழி பொறக்குது. மார்கழியில யாராச்சும் தூரப் பிரயாணம் கெளம்புவாங்களா? தை பொறக்கட்டும், பாக்கலாம்."

தையில் யாரோடு போவது? அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொல்கிறான்.

12 டிசம்பர், செவ்வாய்

எதிர்வீட்டு பாத்திமா, தையல்காரி, என் பேண்ட்டைத் தைத்து முடித்துவிட்டாள். சாம்பல் நிறக் கம்பளி. முட்டியில் இரட்டைத் துணி வைக்கச் சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். "அக்கா, மிலிட்டரிக்காரக மாதிரி இருக்கீக" என்றாள்.

மார்கழிக் கதையைச் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"போன மார்கழியில ஒங்க மகன் மதுரை போகலயா? மாசம் பொறக்குறதுக்கு மொத நாளே எங்க வீட்டுல குடையைக் கொண்டாந்து வச்சிட்டுத்தானே போனாரு?"

பரஸ்தானம்! எனக்குத் தோன்றவில்லையே. நல்ல நாளில் கையில் கொண்டுபோகும் பொருள் ஒன்றைப் பிறர் வீட்டில் வைத்துவிட்டால் பிரயாணம் அன்றைக்கே தொடங்கியதாக அர்த்தம். அப்புறம் என்றைக்குப் புறப்பட்டாலும் தோஷமில்லை. வைத்ததைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரத்தான் கூடாது.

14 டிசம்பர், வியாழன் (கார்த்திகை)

காலை பத்தரை. சு. ஆபீஸ் போன பிறகு. டிரங்குப் பெட்டி, உள்ளே பேண்ட், கம்பளிச் சட்டை, ஊறுகாய் ஜாடி. நானே தலையில் தூக்கித் தெருவைக் கடந்து பாத்திமா வீட்டில் வைத்தேன். முட்டி மடங்கவே இல்லை.

16 டிசம்பர், சனி

மார்கழி. பனி. ஊரெல்லாம் கோலம்.

சு.வுக்குத் தெரிந்துவிட்டது. பாத்திமா வீட்டு வாசலில் போய் நின்றான். நான் ஜன்னலில்.

"அந்தப் பெட்டியைக் குடுங்க. வீட்டுக்குக் கொண்டுபோறேன்."

"தாராளமா எடுத்துக்கங்க தம்பி. ஆனா பரஸ்தானம் வச்சதைத் திருப்பி எடுத்தா ஆகாதுன்னு நீங்கதானே போன வருசம் சொன்னீக? ஒங்க ஆத்தாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னையச் சொல்லப்படாது."

நின்றான். பெட்டியைப் பார்த்தான். தொடவில்லை. திரும்பி வந்து படுத்துக்கொண்டான். பொய் எழுதக் கூசாதவன், பெட்டிக்குப் பயப்படுகிறான்.

ஜெயித்துவிட்டேன். ஆனாலும் ஆறவில்லை. கூடத்தில் அந்தக் கழுத்துப் படம்.

19 டிசம்பர், செவ்வாய்

மூடுபனி. செவ்வாயில் வடக்கே சூலம் என்று சு. கடைசியாக ஒரு தரம் முணுமுணுத்தான். பரிகாரத்துக்கு ஒரு டம்ளர் பால் குடித்தேன், அவன் எதிரிலேயே. ஜட்கா கூப்பிடப் போனான்.

அவன் தலை மறைந்ததும் வள்ளி வந்தாள். முந்தானைக்குள் ஒரு காகிதம். புகைப்படத்தின் மற்ற பாதி.

"கிழிச்சுப் போடச் சொன்னாக, அத்தை. அரிசிப் பானையில வச்சிருந்தேன்."

"பதினேழு நாள் நான் சாப்பிடாம கொள்ளாம கெடந்தேனே, அப்ப சொல்றதுக்கென்ன?"

"பயமா இருந்துச்சு." வாசலை எட்டிப் பார்த்தாள். "இப்பவும் பயமாத்தான் இருக்கு."

திட்ட வந்தது, திட்டவில்லை. கூடத்துப் படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்தேன். இரண்டையும் இந்தப் பக்கத்தில் ஒட்டுகிறேன். பொருந்தவில்லை. நெஞ்சில் விரற்கடை அகலம் காணோம். போகட்டும். முட்டி இருக்கிறது. ஒன்று முன்னே, ஒன்று மடங்கி.

வாசலில் ஜட்கா. கோந்து காயவில்லை, நோட்டை மூட முடியாது. திறந்தபடியே கையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.