என் கையோடு நின்ற சமாதானம்

பெய்ரூட், திங்கள்

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? மருத்துவமனைச் சலவை வேலை எனக்குப் பழகிவிட்டது.

ஒரு வேடிக்கை கேளுங்கள். சண்டையில் என் தம்பி ஃபாரிஸைச் சுட்டுக் கொன்ற தனூஸ், இங்கே எங்கள் மாதா கோயிலுக்குத்தான் பூசைக்கு வருகிறான். பயப்படாதீர்கள், நான் ஒன்றும் செய்யவில்லை. அவனுக்கு நேர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான். பூசையில் முன்னால் இருப்பவர் திரும்பிப் பின்னால் இருப்பவர் கையைப் பிடிக்க, பீடத்திலிருந்து சமாதானம் கைக்குக் கை மாறி வரிசை வரிசையாக வருமல்லவா? என்னிடம் வந்ததும் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்வேன். மூன்று ஞாயிறாக அவன் கையை நீட்டியபடியே நின்றான். என் கண் குளிர்ந்தது.

சாமியார் கூப்பிட்டார். "அவனை மன்னிக்கச் சொல்லலம்மா. அவனுக்குப் பின்னாடி அஞ்சு வரிசை நிக்குதே, அவங்க யாரைச் சுட்டாங்க?"

"அவங்களை வேற பக்கம் உட்காரச் சொல்லுங்க சாமி."

நேற்று தனூஸ் முந்திக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். சமாதானத்தோடு திரும்பிக் கையை நீட்டினான். "உனக்கு வேணாம்னா பரவால்ல தங்கச்சி, பின்னாடி குடுத்துடு" என்றான். தங்கச்சியாம்! என் பின்னால் கைக்குழந்தையோடு ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றாள். வாங்கினேன். எலும்பு நொறுங்கட்டும் என்று நெரித்துத்தான் வாங்கினேன். அறைக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டேன்.

ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள நம் வீட்டு ஸாத்தர் பொடி கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். தனியாகச் சாப்பிட எதுவும் இறங்கவில்லை. ஃபாரிஸின் கம்பளிக் கையுறைகளையும் வையுங்கள். குளிருக்கு இல்லை. வரும் ஞாயிறும் தனூஸ் முன்னால்தான் உட்காருவான். அவன் பிடிப்பது ஃபாரிஸின் கையாக இருக்கட்டும்.

கடிதத்தை வாங்கிப்போக நிற்கும் நம் ஊர் பஸ்காரர் அவசரப்படுத்துகிறார்.

நஜ்லா