வெயிலுக்கு எதற்குக் காது

தூத்துக்குடி,
8-9-1946

அன்புள்ள சீனித்தாய்க்கு வன்னியபெருமாள் எழுதுவது. இங்கே நான், அம்மா, லாரி மூவரும் நலம். குலசேகரன்பட்டினத்தில் நீயும் அத்தையும் மாமாவும் நலமா? சித்திரையில் பிறந்த வீட்டுக்குப் போனவள் இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. தபால்காரர்தான் இதற்காக என்னிடம் மிகவும் வருத்தப்படுகிறார்.

போகும்போது நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "எனக்கும் ஒங்கம்மாவுக்கும் நடுவுல ஒரு சொவரு வரட்டும், அப்புறமா வாரேன்" என்றாய். நியாயம்தான். நம் அறைக்கும் அம்மா படுக்கும் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஓலைத் தட்டி. புளிக்குழம்பில் உப்பு அதிகம் என்று நீ என் காதில் மட்டும் சொன்னதற்கு, மறுநாள் காலையில் அம்மா அடுப்படியில் விரிவாகப் பதில் சொன்னாள்.

சுவர் எழுப்பலாம் என்றால் இது வாடகை வீடு. ஓர் ஆணி அடித்தாலே வீட்டுக்காரர் வந்து சுவரைத் தடவிக் கொடுக்கிறார். கருப்பட்டி ஏற்றுவதற்கென்று மிலிட்டரி ஏலத்தில் ஒரு லாரி எடுத்தேனே, எஞ்சினும் சக்கரமும் தவிர மேலே ஒன்றுமில்லாமல், அதன்மீது ஓர் அறையே கட்டிவிடுவது என்று தீர்மானித்தேன். நாம் இருவரும் அதில் குடியிருக்கலாம். சந்தைக்குச் சந்தை வீடும் கூட வரும். வீட்டுக்காரர் நானே.

கட்டுகிறவர் மரியான் மேஸ்திரி. தோணி கட்டிப் பழகியவர் என்பதால் அறையின் முன்பக்கம் கொஞ்சம் கூராக வந்திருக்கிறது. "கடல்ல எறக்கினாலும் முங்காது அண்ணாச்சி" என்று உறுதி கூறுகிறார். எட்டயபுரம் ரோட்டில் அது எவ்வளவு பயன்படும் என்று தெரியவில்லை.

சிக்கல் சுவரில்தான். வெளியே தகரம், உள்ளே கொழும்பிலிருந்து வந்த தேயிலைப் பெட்டிகளின் ஒட்டுப்பலகை. நடுவில் எதையாவது அடைக்காவிட்டால் நம் ஊர் வெயிலில் இருவரும் கருவாடு ஆகிவிடுவோம். எதை அடைப்பது என்று கடைத்தெருவில் விசாரித்தேன். அவரவர் விற்கும் சரக்கே உத்தமம் என்று எல்லோரும் மனசாட்சிப்படி சொன்னார்கள்.

ஒவ்வொன்றையும் அடைத்துச் சோதித்தேன். வெயிலைத் தாங்குகிறதா என்பது கையை வைத்தால் தெரிந்துவிடும். சத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க நல்ல காது வேண்டும். இந்த ஊரில் அம்மாவின் காதுக்கு மேலான காது இல்லை. வெயில் சோதனை என்று சொல்லி அவளை வெளியே முக்காலியில் உட்காரவைத்துவிட்டு, உள்ளே நான் மெதுவாகப் பத்திரிகை படித்தேன்.

இலவம்பஞ்சு அடைத்தபோது அம்மா வெளியிலிருந்தே என் உச்சரிப்பைத் திருத்தினாள். பனை மட்டை நாரான பனந்தும்பு அடைத்தபோது, "ஏம்ல கத்துத? நான் என்ன செவிடா?" என்றாள். மரத்தூளில் ஒன்றும் கேட்கவில்லை. மகிழ்ந்துபோய் லாரியைத் துறைமுகம்வரை ஓட்டி வந்தேன். குலுங்கிய குலுக்கலில் தூள் முழுவதும் கீழே இறங்கிவிட்டது. படுத்துக்கொண்டு பேசினால் ரகசியம், எழுந்து உட்கார்ந்தால் ஊருக்கே செய்தி.

கடைசியில், இடித்துப் போட்ட ஐஸ் கிடங்கு ஒன்றிலிருந்து தக்கைப் பாளங்கள் கிடைத்தன. மரியான் அவற்றைத் தகரத்துக்கும் ஒட்டுப்பலகைக்கும் நடுவில் வைத்துத் தாரை உருக்கி ஊற்றி, மூன்றையும் ஒரே பலகையாக்கினார். நான் உள்ளே போய்ப் பத்திரிகை படித்தேன். பதில் இல்லை. துணிந்து, புளிக்குழம்பைப் பற்றி நீ சொன்னதை உரத்த குரலில் சொன்னேன். அதற்கும் பதில் இல்லை. கதவைத் திறந்தால், "ஏலே, உள்ள உயிரோடதான் இருக்கியா?" என்று அம்மா கேட்டாள்.

என் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நான் மறைத்திருக்க வேண்டும். அம்மா அந்தப் பலகையில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, "வெயிலுக்கு எதுக்குல காது?" என்றாள். நான் மரியானைப் பார்த்தேன். அவருக்குக் கடற்கரையில் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து அம்மா பாயையும் வெற்றிலைச் செல்லத்தையும் எடுத்துக்கொண்டு லாரியில் ஏறிவிட்டாள். "வீட்டுல அந்தப் பிள்ள இருக்கட்டும். நான் இதுக்குள்ள கெடக்கேன். அவ என்ன பேசுனாலும் எனக்குக் கேக்காதுல்லா" என்றாள். இறங்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். உள்ளே குளுகுளுவென்று இருக்கிறதாம்.

நேற்று மரியானைக் கூப்பிட்டு, தூத்துக்குடியிலேயே சிறந்த அந்தப் பலகையில் அடுப்படியைப் பார்த்தாற்போல ஓர் ஓட்டை போடச் சொன்னாள். காற்றுக்காக என்றாள். "காத்து எதிர்ப்பக்கமிருந்துல்லா வருது, அம்மா" என்றார் மரியான். அவர் கடற்கரைக்காரர், காற்று தெரியாதவர் அல்ல. அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஓட்டை விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரியோடு அங்கு வருகிறேன். அம்மா இறங்க மாட்டேன் என்பதால் அவளும் வருவாள். உன்னை அழைக்க வந்ததாக நீ எண்ணிவிடக் கூடாது என்று கண்டிப்பாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

நீ புறப்பட்டு வா, சீனித்தாய். வந்ததும் அடுப்படியில் எதையாவது பேசு, புளிக்குழம்பைப் பற்றியே இருந்தாலும் சரி. கொஞ்சம் உரக்கப் பேசு. ஓட்டை சின்னது.

உன்,
வன்னியபெருமாள்