தண்ணீருக்குள் தேனுகாவின் வரவை

மார்கழி 4, வியாழன்

மழை. காலையில் சற்று விட்டது, பிறகு மறுபடியும். வாவி ஏறிவிட்டது. மண்டூர்த் துறையில் ஆளேற்றும் படகுப்பாதை கட்டிக் கிடக்கிறது, அக்கரைக்குப் போக வழியில்லை. பள்ளிக்கூடம் போகாததில் எனக்கு வருத்தமும் இல்லை. என்னிடம் படித்தவன் அங்கே அதிபர் கதிரையில். மேடையில் யாருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று தெரிந்தவன். எனக்கு அந்தப் பாடம் கடைசிவரை ஓடவில்லை.

செய்ய: கூரையில் ஓடு மாற்ற. டோர்ச் பற்றரி. சீனி. தேனுகாவின் சப்பாத்து காயவைக்க.

வட்டை முழுக்க, வயல்வெளி எல்லாம், தண்ணீர். மனைவி சாந்தியின் வயலும் உள்ளே. (இந்தப் பக்கம் வயலும் வீடும் பெண்வழி. நான் கலியாணம் கட்டி வந்து குடியிருப்பவன்.) இம்முறை மூலையில் கிடக்கும் சின்ன வரவையை, வரம்பு கட்டிய ஒரு துண்டை, மகள் தேனுகாவுக்கென்று விட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை. அவளே விதைத்தாள், அவளே கொக்கு விரட்டினாள். போன மாரியில் வெள்ளம் வயலை அழித்தது தெரிந்தும் ஏன் பிள்ளைக்கு ஆசை காட்டுகிறாய் என்று அப்போதே சொன்னேன். என் பேச்சு இந்த வீட்டில் எப்போது எடுபட்டது.

பின்னேரம் தேனுகா வரம்போரம் ஒரு கம்பை ஊன்றி, தண்ணீர் மட்டத்தில் பள்ளிக்கூட வெள்ளை ரிபனைக் கட்டினாள்.

"இதுக்குக் கீழ தண்ணி போனா வத்துது எண்டு அர்த்தம் அப்பா."

"மேல போனா?"

"மேல போகாது."

மார்கழி 5, வெள்ளி

தூறல். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவி கடலுக்கு வடியும். வெட்டு என்று வேளாண்மைக்காரர். இப்போது வெட்டினால் இறால் போய்விடும் என்று மீன்பிடிக்காரர். கூட்டம், தேத்தண்ணி, பற்றிஸ். அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தார்களாம். நெல்லுக்கு அதெல்லாம் தெரியாது. தண்ணீருக்குள் நாட்கணக்கில் கிடந்தால் அழுகும்.

விடிந்ததும் வயல் பக்கம் ஓடிய தேனுகா படலையில் நின்று கத்தினாள்: "அப்பா, ரெண்டு விரல் வத்திற்று!"

பின்னேரம் யாருக்கும் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். ரிபன் தண்ணீருக்கு மேலே இரண்டு விரல். உண்மைதான். ஆனால் முடிச்சு நேற்றைய இடத்தில் இல்லை. நேற்று கம்பின் கணுவுக்குக் கீழே கட்டியவள், இன்று கணுவுக்கு மேலே கட்டியிருக்கிறாள். கணு தண்ணீருக்குள்ளே. தண்ணீர் ஏறியிருக்கிறது.

தன்னைத்தானே ஏமாற்றுகிறாள். குற்றம் அவளில் இல்லை. நாங்கள் எல்லாரும் ரிபனை ஏற்றிக் கட்டி வளர்ந்தவர்கள். படித்தால் வேலை என்றார்கள். சண்டை ஓய்ந்தால் எல்லாம் சரி என்றார்கள். காணாமல் போன என் அண்ணாவின் சேட் ஒன்றை அம்மா வருடம் தவறாமல் தோய்த்துக் காயவைத்தாள், வந்தால் போட வேண்டும் என்று. அவளும் போய்விட்டாள். சேட் பெட்டிக்குள் கிடக்கிறது. என் பிள்ளையை அப்படி விடக்கூடாது. சொல்லிவிட வேண்டும்.

இரவு ஏனோ நன்றாகச் சாப்பிட்டேன்.

மார்கழி 7, ஞாயிறு

பெருமழை. கனடாவிலிருந்து போனில் சாந்தியின் அண்ணன். தாயின் செத்தவீட்டுக்கு வராத மனிதர். "காலம் எப்பிடிப் போனாலும் புள்ளைகளைப் பொசிட்டிவா வளக்க வேணும் மச்சான்." அங்கே குளிருக்குப் போர்த்துக்கொண்டு இருந்து சொல்லலாம். ஓம் ஓம் என்று போனைச் சாந்தியிடம் கொடுத்தேன்.

காலைச் சாப்பாட்டில் தேனுகா: "இண்டைக்கு ஒரு விரல் வத்திற்று அப்பா."

"வத்தல்ல. ஏறியிருக்கு. உன்ட வேளாண்மை அழுகப் போகுது. இப்பவே தெரிஞ்சுகொள்."

சிரித்தாள். "இல்லப்பா, வத்தும். நீங்க புட்டைத் தின்னுங்க."

தேனுகா கைகழுவப் போனதும் சாந்தி, தணிந்த குரலில்: "புள்ளைட சிரிப்பும் உங்களுக்குப் பொறுக்கல்லையா?"

பொறுக்காமல் என்ன. பயமாக இருக்கிறது. இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் இவள் என்ன செய்வாள். முதல் அடியிலேயே முறிந்துவிடுவாள். பாதிப் புட்டோடு எழும்பிவிட்டேன்.

மார்கழி 9, செவ்வாய்

வானம் மப்பு. மழை இல்லை. ஓடு மாற்றக் கூரையில் ஏறினேன். கீழே கிணற்றடியில் தேனுகாவும் பக்கத்து வீட்டுப் பவியும். நான் மேலே நிற்பது தெரியாது.

பவி கேட்டாள், "உன்ட நெல்லு தப்புமா, கா?"

"எங்க தப்புற. எப்பவோ அழுகிற்று. ஒண்டைப் புடுங்கிப் பாத்தன், நாறுது."

"அப்ப ஏன், கா, வத்துது வத்துது எண்டு ஊருக்கே கேக்கக் கத்துறாய்?"

"அப்பாக்குத்தான். பின்னேரத்தில ஒளிச்சிப் போய்ப் பாக்காரு. ரிபன் மேல கிடந்தா அண்டைக்கு ஒழுங்காச் சாப்பிடுவாரு. இல்லாட்டி சோத்துக் கோப்பையை வெச்சிற்று எழும்பிருவாரு. நீ ஒருத்தரிட்டயும் சொல்லிராத."

"உனக்கு அழுகை வரல்லையா?"

"மறுகா அழலாம். இப்ப இல்ல."

வாளி கிணற்றில் விழும் சத்தம். பிறகு இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள்.

ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே குந்தியிருந்தேன். கீழே இறங்கப் பயம். இறங்கினால் முகத்தைப் பார்ப்பாள்.

எவ்வளவு காலமாக? போன வருடம் எனக்குப் பதவி உயர்வு வராதபோது, "அடுத்த முறை கிடைக்கும் அப்பா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அப்போதும் இப்படித்தானா?

மார்கழி 10, புதன்

வெயில் கொஞ்சம். சீனி மறந்தேன். தேனுகாவின் கணக்கு இன்று: ஒரு விரல். "நல்லம்" என்றேன். சாந்தி திரும்பிப் பார்த்தாள்.

இரவு கோப்பையில் போட்டதெல்லாம் தின்றேன். தேனுகா தன் சாப்பாட்டை விட்டுவிட்டு என் கோப்பையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் புட்டுப் போடச் சொன்னேன். பசி இல்லை.

மார்கழி 12, வெள்ளி

நல்ல வெயில். நேற்று முகத்துவாரம் வெட்டினார்கள். மண்வெட்டும் யந்திரத்தின் முன்னால் நின்று படமெடுக்க எவ்வளவு கூட்டம். ஒருவர் காலிலும் சேறில்லை.

தண்ணீர் இறங்கிவிட்டது. தேனுகா கூப்பிட்டாள், போனேன். வட்டை முழுக்க மஞ்சளும் சேறும், அழுகல் மணம். அவள் வரவை மற்றதை விட மோசம், பள்ளத்தில் கிடந்தது. கம்பு சரிந்து ரிபன் சேற்றுக்குள்.

ரிபனை அவிழ்த்துச் சேற்றைப் பிழிந்தாள். பிறகு அதே குரல்.

"அப்பா, அந்த ஓரத்தில பச்சை கிடக்கு. கண்டீங்களா?"

பார்த்தேன். புல்.

"ஓம் மகள், கிடக்கு. அது நிக்கட்டும். மிச்சத்துக்குத் திரும்ப விதைப்பம். கெதியா விளையிற நெல்லு இரிக்கு. விதைநெல்லு விக்கிற ஏறாவூர்க் காக்காட்டக் கேட்டுப் பாப்பம். நானும் வாறன், ரெண்டு பேருமாப் போவம்."

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். நான் பொய் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள். பாதி பொய். விதைநெல்லுக்குப் போவது பொய்யில்லை. அவள் உதடு கோணியது. அழத் தொடங்கினாள். மூக்கு வடிய, விக்கி விக்கி, நாலு வயதில் அழுத மாதிரி.

அழாதே என்று சொல்லவில்லை. சேற்றுக்குள் நின்று பிடித்துக்கொண்டிருந்தேன். என் சேட் நனைந்துபோயிற்று.

வீட்டுக்கு வர உச்சி வெயில். ஏன் இவ்வளவு நேரம் என்று சாந்தி கேட்டாள்.

சேறு, என்றேன்.