கீழ் லென்ஸின் மூடி

அன்புள்ள அக்காவுக்கு,

குவைத்தில் வெயில் குறைந்ததா?

அம்மாவின் படங்களைப் போட்டோ லேப்பில் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னேனே, அது பொய்.

நான் படம் எடுத்தது, காரைக்குடிப் பழம்பொருள் கடையில் மலிவாக வாங்கிய ரெட்டை லென்ஸ் பிலிம் கேமராவில். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு. படம் பிடிப்பது கீழ் லென்ஸ். ஈஸ்டரன்று நீ அனுப்பிய பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து, "போன்லயே ஒண்ணு எடுத்து அனுப்பிருடா, அக்கா பாக்கட்டும்" என்றாள் அம்மா. நான்தான் போனில் எடுக்க மறுத்தேன். பன்னிரண்டு படம் எடுத்தேன். கீழ் லென்ஸின் மூடியைக் கழற்றவே இல்லை.

மறுவாரம், நீ வந்து சேருமுன் அம்மாவின் அடக்கம் முடிந்துவிட்டது. பிலிமைக் கழுவிப் பார்த்தால் ஒரு படமும் விழவில்லை.

மேல் கண்ணாடியில் அம்மா நன்றாகத் தெரிந்தாள், அக்கா. உனக்கென்று சிரித்தாள். பார்த்தது நான் மட்டும்.

உன் பதிலுக்குப் பயந்திருக்கும்,
தம்பி