முகத்துவாரத்துச் சேறும் உங்கள் கால்களும்

அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய என் அய்யாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டுவேன் என்று எனக்கே தெரியும். இப்போதும் திட்டத்தான் போகிறேன். அதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். செவக்காட்டைக் கெடுத்தது உங்கள் கால் இல்லை. சேறு.

இதை நானே எழுத்துக் கோத்து அச்சடிக்கிறேன். பட்டாசு லேபிள் வெட்டி மிஞ்சிய தாள் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் குவிந்து கிடக்கிறது, அதில் அடித்து ஊருக்குள் கொடுக்கப் போகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். பெரிய வீட்டுக்காரருக்கும் ஒரு தாள் போகும். அவருக்கு நன்றாகவே படிக்கத் தெரியும்.

அந்த வருடம் கண்மாய் வற்றவில்லை. வற்றியிருந்தால் வழக்கம்போலச் சித்திரையில் கரம்பை வெட்டி, வண்டியில் அடித்து, காட்டில் பரப்பியிருப்பீர்கள். கண்மாயின் கறுப்பு வண்டல் இல்லாமல் அந்த இரண்டு ஏக்கர் செம்மண்ணில் ஒன்றும் விளையாது. பெரிய வீட்டுக்காரர் கரிசலைத் தனக்கு வைத்துக்கொண்டு, செவலைத்தான் உங்களுக்கு, விளைச்சலில் பங்கு அளக்கச் சொல்லி, வாரத்துக்குக் கொடுத்திருந்தார். கரம்பை கிடைக்காதே என்று நீங்கள் நின்றபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது. தூத்துக்குடிக்குத் தீப்பெட்டி லோடு ஏற்றிப் போகும் அவர் லாரி வெறுமனே திரும்புவானேன்? வைப்பாறு கடலில் சேரும் இடத்தில், தோணி வருவதற்கு ஆழப்படுத்தி, வெட்டிய சேற்றைக் கரையில் மலையாகப் போட்டிருந்தார்கள். கேட்பாரற்ற மண். கன்னங்கரேலென்ற மண். லாரி லாரியாக வந்தது. தன் கரிசலிலும் போட்டுக்கொண்டார், உங்கள் செவலிலும் கொட்டச் சொன்னார்.

"நம்ம சாத்தூர் ஆத்து மண்ணுதான கடல் வரைக்கும் போயிருக்கு, அது வீட்டுக்குத் திரும்பி வருது" என்று நீங்கள் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு அம்புட்டு சந்தோஷமாக இருந்தீர்கள்.

நீங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கொட்டவில்லை. ஒரு விள்ளல் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். உப்பு இருக்கிறது, ஒரு மழையில் போய்விடும் என்றீர்கள். சரிதான், உப்பு போய்விட்டது. கூமுட்டை நாற்றம் அடித்தது. வெயில் பட்டால் நாற்றம் போகும் என்றீர்கள். அதுவும் போனது. சித்திரை முழுக்க, வைகாசி முழுக்க அந்தச் சேற்றை மெல்லிசாகப் பரப்பி, கட்டி கட்டியாகப் புரட்டிப் போட்டுக் காயவைத்தீர்கள். மண் காயக் காயப் பக்குவப்படும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். கண்மாய்க் கரம்பைக்கு அது உண்மை. இந்தச் சேற்றுக்கு அதுதான் கொலை.

புரட்டாசி மழைக்குக் கம்பு விதைத்தீர்கள். ஒரு விரல் உயரம் வந்து, நுனி கருகி நின்றது. பிடுங்கிப் பார்த்தால் வேர் தீயில் காட்டிய நூல் மாதிரி இருந்தது. அவருடைய கரிசலில் பருத்தி எப்போதும்போலக் கிளம்பியது. அதுதான் உங்களைக் கொன்றது, அய்யா. ஒரே சேறு, இரண்டு காடு, உங்கள் காடு மட்டும் செத்தது.

அவர் வந்து வரப்பில் நின்றார். ஒரு கட்டியை உடைத்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகக் கோடு ஓடியிருந்தது. ஊர் ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

"ஏலே மாடசாமி, இது கந்தகம்லே. கம்பெனியில மருந்து கலக்குத காலோட வந்து காட்டுல எறங்குனா, நெலம் என்னத்துக்கு ஆகும்?"

நீங்கள் உங்கள் காலைக் குனிந்து பார்த்தீர்கள். நான் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆமா மொதலாளி. ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

நம்பித்தான் சொன்னீர்களா? இல்லை, பயமா? இரண்டு ஏக்கரைப் பொசுக்க வண்டி வண்டியாகக் கந்தகம் வேண்டும். உங்கள் உள்ளங்காலில் எம்புட்டு ஒட்டும்? கோடையில் மட்டும் பட்டாசுக் கம்பெனி மருந்தறைக்குப் போய், கிணற்றடியில் குளித்த பிறகே வீட்டுக்குள் வருகிற மனுஷன் நீங்கள். ஒரு சிரிப்புச் சிரித்திருந்தாலே போதும், அந்த இருபது பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

காடு போனது. அது மட்டுமா போனது? மறு வாரமே வரப்பு முனையில் ஒரு சிமெண்டுத் தொட்டி வந்தது. கம்பெனிக்குப் போகிற எவரும் அந்த வரப்பில் ஏறும் முன் காலைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் ஓடையைச் சுற்றி ஒரு மைல் நடக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் கம்பெனி ஆட்கள். மெயின் ரோட்டில் வண்டியை விட்டு இறங்கினால் வீட்டுக்கு அதுதான் குறுக்கு வழி. பிள்ளை பெற்ற பத்தாம் நாள் வேலைக்குப் போன பெண்ணும் குனிந்து கழுவினாள். எல்லோரும் உங்களைத்தான் முணுமுணுத்தார்கள். நீங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க் கழுவினீர்கள்.

பிறகு வருடம் முழுக்க மருந்தறை, பிறகு இருமல். கட்டிலில் விழுந்த பிறகும் சாயங்காலம் ஆனால் காலைக் கழுவிவிடச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டீர்கள். எந்தக் காட்டில் இறங்கப் போகிறீர்கள் அய்யா அந்தக் காலோடு? அதைப் பார்த்தபோதுதான் உங்கள்மேல் எனக்கு வெறுப்பே வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன்.

இந்தத் தை மாதம் அந்த முகத்துவாரத்துக்கு நானே போனேன். ஒரு தோணிக்காரர் அகப்பட்டார், வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் வலையைக் கீழே போட்டுவிட்டார்.

"லாரி வச்சு அள்ளிட்டுப் போனது உங்க ஊருக்காரகதானா? கருப்பா இருந்தா எல்லாம் கரிசலா தம்பி?"

அந்தச் சேற்றை அவர்கள் ஒரு முருங்கைக்குக்கூடப் போடமாட்டார்களாம். தண்ணீருக்குள் கிடக்கிறவரை அது சாது, மேலே போட்டால் இரண்டு மாதத்தில் புளித்துவிடும், புல் முளைக்காது என்றார். சிப்பி நிறையக் கிடக்கிற இடத்துச் சேறு மட்டும் ஒன்றும் செய்யாதாம். இதை அப்போதே லாரிக்காரனிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "யாரு கேட்டா?" என்றார்.

கடல் தண்ணீர் வடிந்திருந்த நேரம் அது. இறங்கினேன், முழங்கால்வரை உள்ளே போனது. மேலே பாலாடை போல மெல்லிய பழுப்பு. அதை விரலால் விலக்கினால் உள்ளே மை மாதிரி கறுப்பு. கையில் அள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் கறுப்பு வெளிறிச் சாம்பல் ஆனது. என் கண்ணெதிரே காற்று அதை மாற்றிக்கொண்டிருந்தது. பிறகு கடல் ஏறியது, சேற்றை மூடியது. ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினாலும், அந்தச் சேற்றைக் காய ஒருபோதும் விடுவதில்லை. தண்ணீர்தான் அதற்கு மூடி. அந்த மூடியைத் திறந்து, லாரியில் ஏற்றி, அறுபது நாள் நம் வெயிலில் விரித்தோம்.

கொண்டுவந்த சேற்றைப் பாதி பானையில் ஆற்றுத் தண்ணீருக்குள் வைத்தேன், பாதியைத் தகரத்தில் வெயிலில் வைத்தேன். இரண்டு மாதம். பானைச் சேறு வந்தபோது இருந்தபடியே இருக்கிறது, கறுப்பாக, நாற்றத்தோடு. தகரத்துக் கட்டியை உடைத்தால் உள்ளே மஞ்சள் கோடு. உங்கள் காட்டில் ஓடிய அதே கோடு. கம்பெனி ஆள் எவனும் அந்தத் தகரத்தில் கால் வைக்கவில்லை.

மண் சோதிக்கிற ஆபீசுக்கு இரண்டையும் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே என் வயதுக்காரன் ஒருவன் நீலத் தாளை நனைத்துக் காட்டினான். பானைச் சேற்றில் நீலம் நீலமாகவே இருந்தது. கட்டி கரைத்த நீரில் சிவந்தது, புளிப்பு இருந்தால்தான் அப்படிச் சிவக்குமாம். அவன் சொன்னதைக் கேளுங்கள். பெரிய வீட்டுக்காரர் சொன்னது பாதி சரி, அது கந்தகம்தான். ஆனால் கம்பெனிக் கந்தகம் இல்லை. கடல் தண்ணீரும் அழுகிய வேரும் சேர்ந்து, காற்றில்லாத அந்தச் சேற்றுக்குள் இரும்போடு பிணைத்துவைத்த கந்தகம். காற்றுப் பட்டால் திராவகம் ஆகும். கரிசலில் சுண்ணாம்பு உண்டு, சிப்பி மாதிரி அதுவும் அந்தப் புளிப்பைக் குடித்துவிடும். செவலுக்கு அந்த வழி இல்லை. அவருடைய காடு பிழைத்தது அவர் கைராசியால் இல்லை. கரிசலை அவர் வைத்துக்கொண்டதால்.

போன வாரம் அவர் ஆள் அனுப்பினார். காடு சும்மா கிடக்கிறதாம், மாடசாமி பொண்டாட்டியும் மகனும் மறுபடி வாரத்துக்கு எடுக்கலாமாம். ஒன்றே ஒன்று. அய்யா சொன்னதை மகனும் நாலு பேர் முன்னால் சொல்லி, தொட்டியில் காலைக் கழுவிவிட்டு இறங்க வேண்டும். அம்மாவுக்கு அந்தக் காடு வேண்டும். உங்களைவிட அதிகமாக அதில் குனிந்தவள் அவள். கம்பெனிக்குப் போகாமல் இருக்க அவளுக்கு இருந்த ஒரே வழியும் அதுதான்.

பானையையும் தகரத்தையும் தூக்கிக்கொண்டு அவளோடு பெரிய வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"உங்க அய்யனே ஒத்துக்கிட்டாம்லே. செத்தவன் பேச்சை நீ மாத்தப் பாக்கியா?"

நீலத் தாளுக்கும் சிவப்புத் தாளுக்கும் அந்த முற்றத்தில் என்ன மரியாதை? உங்கள் ஒரு 'ஆமா' எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நின்றது. அந்த நிமிஷம் நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் உங்கள் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அம்மாதான் குனிந்தாள். தகரத்துக் கட்டியில் ஒரு விள்ளல் எடுத்து, நீங்கள் வைத்த மாதிரியே நாக்கில் வைத்தாள். அவர் முற்றத்திலேயே துப்பினாள்.

"புளிக்கு. எங்க வீட்டுக்காரரு காலு புளிக்காது மொதலாளி. கட்டிலோட கெடந்தப்ப நான்தான கழுவிவிட்டேன். எனக்குத் தெரியாதா?"

காடு கிடைக்கவில்லை, இனிக் கிடைக்காது. வழியெல்லாம் அவள் அழவில்லை. பானையை அவளே இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

நேற்றுச் சாயங்காலம் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கி, அம்மா தொட்டியைத் தாண்டிப் போனாள். கழுவவில்லை. பாதம் இரண்டும் மருந்து ஒட்டி மஞ்சள். காவல்காரன் "ஏ மாடசாமி பொண்டாட்டி" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. பின்னால் வந்த மூன்று பெண்களில் இரண்டு பேர் கழுவினார்கள். ஒருத்தி கையில் அள்ளிய தண்ணீரைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, அம்மா பின்னால் போனாள். நம்பினீர்களா, பயந்தீர்களா என்று நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அம்மா கேட்கவில்லை. அவளுக்கு அது தேவைப்படவில்லைபோல.

இன்று இந்தத் தாள்களைச் சுமந்துகொண்டு, அச்சு மை படிந்த காலோடு மெயின் ரோட்டில் நிற்பேன். வண்டி வந்ததும் இறங்குகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, அம்மாவோடு அந்த வரப்பில் ஏறுவேன். நாளையும் ஏறுவேன். ஊற்ற ஆளில்லாமல் அந்தத் தொட்டி காய்ந்து வெடிக்கிறவரை, உங்கள் வீட்டுக் கால் எதுவும் அதில் நனையாது. இது உறுதி, அய்யா.

இப்படிக்கு,
மாடசாமியின் மகன்,
அம்மாவின் பின்னால் நடக்கிறவன்.