சொல்லிக்கொள்ளாமல் போன மகளுக்கு

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், கை வரவில்லை. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுகிறோம், அவ்வளவுதான். நீயாவது கடல் தாண்டி அந்த லெஸ்டர் ஊர்க் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கொளஞ்சியப்பரை வேண்டிக்கொள்கிறேன். கோயிலில் சாமிக்கு முறையீடாகப் பிராது எழுதிக் கட்டலாமா என்று அம்மா கேட்டாள். யார் மேல் கட்டுவது, கொசுவின் மேலா என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள். டெங்கு என்று தெரிந்து புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம், வடலூர் தாண்டுவதற்குள் நம் சின்னவள் சங்கரி போய்விட்டாள். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. இன்றைக்கும் கம்பெனியில் பீங்கான் ஃபியூஸ்களைச் சூளைக்கு அடுக்கும்போது கை அப்படியே நின்றுவிடுகிறது, மேஸ்திரி பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறார்.

நீ படிப்பை விட்டுவிட்டு வரப்போவதாக ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் சொன்னாயாம். "சொந்தத் தங்கச்சி பக்கத்துல உட்காராதவ, ஊரான் பிள்ளைக்கு என்னத்த ஆறுதல் சொல்லப்போறேன்" என்று அழுதாயாம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் வைத்துவிடுவேன், அதனால்தான் இந்தக் கடிதம். உன் படிப்பு என்னவென்று எனக்கே முழுதாகப் புரிந்ததில்லை. பங்காளி சாமிதுரை இன்னும் "ஸ்கூல்ல பூசாரி வேலையா, அதுக்கு ரெண்டாவது டிகிரியா" என்றுதான் கேட்கிறான். மனசு உடைந்த பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தில் கூட இருப்பதற்கு ஓர் ஆள், நம் சாமி கும்பிடுகிற பிள்ளைகளுக்கும் அங்கே ஒருத்தி வேண்டுமாம் என்பேன். சிரிப்பான். இனிமேல் சிரிக்கட்டும், பார்க்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சங்கரியின் பக்கத்தில் உட்காருவாளே தமிழினி, கரும்பு லாரி ஓட்டுகிற குருமூர்த்தியின் மகள், அவள் நீ கிளம்பிப் போன பிறகு தினமும் சாயந்திரம் ஸ்கூல் விட்டதும் நம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். பரீட்சை நேரம், இனிமேல் சங்கரி பேச்சை எடுக்க வேண்டாம் என்று ஸ்கூலில் சொல்லிவிட்டார்களாம், இடத்தையும் மாற்றி உட்கார வைத்துவிட்டார்களாம். இங்கே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சங்கரியைப் பற்றியே பேசுவாள். அம்மா அந்த நேரத்தில் மட்டும் ஒரு டம்ளர் டீ குடிப்பாள். ஒருநாள் கிளம்பும்போது பிள்ளை பழக்கத்தில் "போயிட்டு வரேன்ம்மா" என்று சொல்லிவிட்டது. உன் அத்தை கொளஞ்சியம்மாள் பிடித்துக்கொண்டார். "சாவு வூட்ல வந்து வரேங்கறியே, இன்னொரு சாவுக்கு வரப்போறியா" என்று ஒரே சத்தம். பிள்ளை முகம் வெளுத்து ஓடிவிட்டது. அதற்குப் பிறகு வரவில்லை. சாயந்திரமானால் அம்மா வாசலையே பார்ப்பாள், ஆறின டீயைக் கொட்டுவாள்.

பொறுக்க முடியாமல் போன வெள்ளிக்கிழமை நானே குருமூர்த்தி வீட்டுக்குப் போனேன். "சோறே எடுக்கறதில்லண்ணே, ஸ்கூலுக்கும் போவல" என்று அவன் கண் கலங்கினான். பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. எனக்கு என்ன பேசத் தெரியும். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் இருப்பதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீ எப்போதோ போனில் சொன்னாய், அதற்கா இவ்வளவு தூரம் போனாய் என்று நான்கூடக் கிண்டல் செய்தேன். அன்றைக்கு அதைத்தான் செய்தேன். தரையில் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போயிற்று. எழுந்து ஓடிவிடலாம் போலக்கூட இருந்தது, அவ்வளவு கஷ்டமான வேலையம்மா அது. கடைசியில் திரும்பிப் படுத்து, "நான் சொன்னதுனால உங்க வூட்ல இன்னும் யாருக்காச்சும் எதுனா ஆயிடுமாப்பா" என்று கேட்டது. இத்தனை நாளும் அதைத்தான் நெஞ்சில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்திருக்கிறது. "ஒண்ணும் ஆவாதும்மா, எந்திரி, அம்மா டீ போட்டு வச்சிருக்கா" என்றேன். இரண்டு பேரும் அழுதோம். பிறகு என்னோடு வந்தாள். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது வாயைத் திறக்காமல் செருப்பை மாட்டினாள். உன் அம்மா எழுந்து வாசல் வரைக்கும் போய், அத்தை காதில் விழும்படி "போயிட்டு வாடி, நாளைக்கும் வா" என்றாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இப்போது தினமும் வருகிறாள், ஸ்கூலுக்கும் போகிறாள்.

சங்கரியைப் பறிகொடுத்த துக்கம் எனக்குத் தீரப்போவதில்லை, உனக்கும் தீராது. எடுப்பதற்குள் உன்னால் வந்து சேர முடியவில்லை, அதற்கு நீ என்ன செய்வாய். ஆனால் தமிழினி மாதிரி வாய் திறக்காமல் கிடக்கிற பிள்ளைகள் அங்கேயும் இருக்குமே. நீ விட்டுவிட்டு வந்தால் அதுகள் பக்கத்தில் யார் உட்காருவார்கள். படிப்பை முடி. காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொள், காய்ச்சல் என்று வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார், மறக்காதே. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

காரியம் முடிந்து நீ கிளம்பியபோதும் அத்தை பேச்சைக் கேட்டுக்கொண்டு நீ ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினாய், பஸ் ஸ்டாண்டில் நானும் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். இப்போது சொல்கிறேன். போயிட்டு வாம்மா.

உன் அப்பா,
சிங்காரவேல்,
விருத்தாசலம்.