மேற்கோள் குறிக்குள் மட்டுவில்

வியாழன், ஐப்பசி 9

நான் தேடிய விதத்தில் பிழை இல்லை. ஆனாலும் பேரம்பலம் ஐயாவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

சாவகச்சேரியில் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு இன்று காலை மட்டுவிலிலிருந்து வந்தார். வெளிநாடு போன தங்கச்சி சிவமணியை இணையத்தில் தேடித் தரச் சொன்னார். தங்கச்சியின் கலியாணத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனதாம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வெறும் பெயரைப் போட்டதும் முதல் தேடுபொறி கோயில்களையும் நடிகைகளையும் கொட்டியது. இரண்டாவது, நான் எழுதியதைத் தானே திருத்திவிட்டுத் தேடியது. அந்த மேதாவித்தனம் எனக்குப் பிடிக்காது. முதலாவதற்கே திரும்பி ‘சிவமணி’, ‘மட்டுவில்’, ‘மரண அறிவித்தல்’ மூன்றையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் போட்டேன், அந்தச் சொற்கள் அப்படியே உள்ள பக்கங்கள் மட்டும் வரட்டும் என்று.

ஐயா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “செத்த ஆக்களுக்கை ஏன் பிள்ளை தேடுறீர்? அவள் உயிரோடை இருக்கிறாள்.”

“இருக்கிற சொந்தக்காரர் எல்லாரின்ரை பேரும் அதிலைதான் ஐயா வரும்.”

முதலாவதாக வந்ததே தங்கச்சியின் கணவருடைய அறிவித்தல். இறந்துபோன உறவினர் பெயர்களுக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று இருந்தது. மனைவி சிவமணிக்கு அது இல்லை. கீழே, மைத்துனர்கள் வரிசையில் ‘பேரம்பலம் (மட்டுவில்)’.

நான் அதைச் சத்தமாக வாசித்து முடித்தேன். ஐயா மெதுவாகக் கேட்டார்.

“என்ரை பேருக்கு முன்னாலை காலஞ்சென்ற எண்டு போட்டிருக்கிறாளோ?”

“இல்லை ஐயா.”

அதற்குப் பிறகுதான் திரும்பக் கதிரையில் இருந்தார்.